கரண்டு போனால் காணாமல் போகிறவர்

தாமோதரன் மூச்சிரைக்க மண்டபத்துக்குள் நுழைந்தபோது பதினோரு பெரியவர்கள் வட்டமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளான அவனுடைய நைனா வேதாச்சலத்தைக் காணோம்.

"கரண்டு போச்சு, பாட்டு நின்னுச்சு. திரும்பிப் பாத்தா ஆள் இல்லண்ணா" என்றாள் யமுனா டீச்சர்.

நைனாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு வருஷமாக மறதி நோய். சில நாள் மகன் பேரே வராது. கையும் காலும் கணக்கும் ஒன்றாக வேலை செய்தால் மூளை சோம்பிப் போகாது என்று திருப்பதி டாக்டர் ரெண்டு மாசம் முன்னால் நடனப் பயிற்சிக்குப் போகச் சொன்னார். யமுனா வாரம் மூன்று நாள் நகரிக்கு வந்து, டேப்பில் பாட்டுப் போட்டு ஆட வைத்தாள். ஒரு கைதட்டலுக்கு ஒரு காய் பேர் சொல்ல வேண்டும், ரெண்டு தட்டுக்கு ஒரு ஊர்ப் பேர். நைனாவுக்கு ஊர்ப் பேர் வராது, ஆனால் கால் தப்பாது. நாற்பது வருஷம் நாலு தறிக்கு நடுவே நடந்த கால்.

தாமோதரனும் பவர்லூம்காரன்தான். கரண்டு போனால் தறி நிற்கும். நகரியில் தறி நின்றால் டீ. கூட வேலை செய்கிறவர்கள் டி.வி. வைத்த பேக்கரிக்குப் போவார்கள். அவன் பின்சந்தில் செல்லியம்மா கடைக்குப் போவான். இந்த ரெண்டு மாசமாக அதையும் விட்டுவிட்டு நைனாவைப் பார்க்க ரயில்வே கேட் வழியாக மண்டபத்துக்கு ஓடினான். நைனா இருக்க மாட்டார். பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன், கோயில் குளம் எல்லாம் தேடுவான். கரண்டு வந்ததும் திரும்பி எட்டிப் பார்த்தால் நைனா வட்டத்தில் நின்று ஆடிக்கொண்டிருப்பார். எங்கே போனாய் என்று கேட்டால், "யாரு, நானா?" என்பார்.

இன்னொரு தடவை காணாமல் போனால் திருப்பதியில் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவதாகத் தம்பி தேவேந்திரன் பெங்களூரிலிருந்து போனில் சொல்லிவிட்டான். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், இடமே பார்த்து வைத்துவிட்டானாம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் தாமோதரனும் நைனாவும் மட்டும்தான்.

டேப்புக்கு பேட்டரி வாங்கிப் போட்டான். கரண்டு போனது, பாட்டு நிற்கவில்லை. ஃபேன் நின்றது. நைனா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வாசல் கதவைப் பூட்டச் சொன்னான். நைனா சமையல்கட்டு வழியாகப் போனார். ரெண்டையும் தம்பியிடம் சொல்லவில்லை.

கடைசியாக, கூட ஆடுகிற கிருஷ்ணப்பாவை நைனாவின் பின்னால் நிறுத்தி, ஆளை விடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். கிருஷ்ணப்பாவுக்கும் அதே மறதி. அவர் நினைவில் நின்றது டீச்சர் சொன்னது மட்டும்: முன்னால் நிற்கிறவர் செய்வதைச் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை தேவேந்திரன் வந்து இறங்கிய நேரத்தில் கரண்டு போனது. அண்ணனும் தம்பியும் மண்டபத்துக்கு ஓடினார்கள். ஒருவர்கூட இல்லை. டீச்சர் செருப்பு இருந்தது, டீச்சர் இல்லை. நைனா வெளியேற, கிருஷ்ணப்பா பின்தொடர, அவர் பின்னால் மணியம்மா, அப்படியே பன்னிரண்டு பேரும் கைதட்டிக்கொண்டு வரிசையாகக் கடைத்தெருவில் போனதாக மண்டபத்து வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

கைதட்டல் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். செல்லியம்மா கடை பெஞ்சுகளில் பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்து கைதட்டிக் காய்கறிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யமுனா வெறுங்காலோடு தலையை எண்ணிக்கொண்டிருந்தாள். நைனா மட்டும் கையில் ரெண்டு கிளாசோடு தறி ஷெட்டைப் பார்த்து நின்றிருந்தார்.

"பாத்தியாண்ணா நெலமைய? இன்னிக்கே கூட்டிக்கினு போறேன்" என்றான் தேவேந்திரன்.

செல்லியம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"ஏம்பா தாமு, கரண்டு போனா எம்புள்ள டீக்கு வருவான்னு இந்த மனுசன் ரெண்டு மாசமா ரெண்டு கிளாஸ் வாங்கிக்கினு இங்கியே நிக்கிறாரு, காணாமப் போய்க்கினு இருக்கறது நீதானே?"