ஐந்து நாள் விழுந்த மேனேஜர்

ஒரு காட்டில், ஏழரை மணி சீரியலுக்காகப் புலியே வேட்டையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுகிற காலத்தில், மாசிலாமணி என்றொரு கீரி இருந்தான். சீரியலுக்குக் கதை வசனம் எழுதுவது அவன் பிழைப்பு. பதினோரு வருஷமாகக் காட்டையே அழ வைத்துக்கொண்டிருந்தான். அதிகம் அழுதது அவன் மனைவி செண்பகவல்லிதான். முந்தானை நனையாமல் அவளுக்கு ஒரு எபிசோடும் முடிந்ததில்லை. இவளை ஒரே ஒரு தடவையாவது சிரிக்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது மாசிலாமணியின் தீராத ஆசை.

அந்தச் சமயத்தில் காட்டுத் தொலைக்காட்சி, பனிநாட்டுப் பென்குயின்களின் நகைச்சுவைத் தொடர் ஒன்றை வாங்கிவந்து, நம் காட்டுக்கு ஏற்ற மாதிரி எழுதச் சொல்லி அவனிடம் கொடுத்தது. அதில் ஒரு காட்சியைப் பார்த்து மாசிலாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். பென்குயின் மேனேஜர் உட்காரப் போகிறார். நாற்காலி இல்லை. தொப்பென்று விழுகிறார். ஆபீஸில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டு, "கூட்டம் முடிந்தது" என்கிறார். அவ்வளவுதான்.

இது ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவைத்தால் செண்பகவல்லி நிச்சயம் சிரித்துவிடுவாள் என்று நம்பி, சேனல் தலைவி தனபாக்கியம் என்ற யானையம்மாளிடம் போனான். அவர் காதைக்கூட ஆட்டாமல் காட்சியைப் பார்த்தார்.

"பெரிய மனுஷர் விழுந்தா நம்ம ஊர்ல சும்மா இருப்பாங்களா? தூக்கி உட்கார வச்சு சோடா குடுக்க மாட்டாங்க?"

"தூக்காம இருக்கிறதுதான் மேடம் சிரிப்பே."

"அது கிடக்கட்டும். நாற்காலியை இழுத்தது யாரு?"

"யாரும் இழுக்கலை மேடம்."

"யாரும் இழுக்கலைன்னா முந்நூறு எபிசோடு எப்படிய்யா ஓட்டுறது? சொந்தத் தங்கச்சியே இழுக்கட்டும். அதே நேரத்துல வீட்டுல அவர் சம்சாரம் ஏத்துன விளக்கு அணையணும்."

மாசிலாமணிக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் வேலை போய்விடுமே என்று தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

மேனேஜராக நடித்த கொக்கு திங்கட்கிழமை விழ ஆரம்பித்தது. ஆபீஸில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் இடிச் சத்தத்தோடு மூன்று தடவை காட்டினார்கள். செவ்வாய்க்கிழமை, விழுந்துகொண்டே தன் கல்யாணத்தை நினைத்துப் பார்த்தது. புதன்கிழமை கொக்கு வேறு சேனலுக்குப் போய்விட்டது. 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று எழுதிக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை தரையில் வந்து விழுந்தது கரடி. சோடாவும் கையுமாக நாற்பது பேர் ஓடினார்கள்.

காடே தேம்பியது. "பாவம் மனுஷன், கவலையில உடம்பு எப்படி ஊதிப்போச்சு பாருங்க!" என்று செண்பகவல்லி மூக்கைச் சிந்தினாள். மாசிலாமணி எழுந்து வெளியே போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்துப் பனிநாட்டிலிருந்து கடிதம் வந்தது.

'ஐயா, உங்கள் தொடரை வாங்கி, ஒரு சொல்லும் மாற்றாமல் நகைச்சுவை நேரத்தில் போட்டோம். சிரித்த சிரிப்பில் பாறையிலிருந்து நான்கு பேர் கடலுக்குள் விழுந்துவிட்டார்கள். விழும்போதே ஆளை மாற்றும் யோசனை எங்கள் மூளைக்கு எட்டாதது. தாங்கள் நகைச்சுவை மேதை.'

மாசிலாமணி படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தான்.

அடுப்படியிலிருந்து செண்பகவல்லி பதறி ஓடிவந்தாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை பார்த்தபோது குபீரென்று சிரித்துவிட்டாள்.

"ஊரையே அழ வச்ச ஆளு அழுறதை வந்து பாருங்கடி!" என்று பக்கத்து வளைகளில் இருந்த பெண்களையும் கூப்பிட்டாள்.

மாசிலாமணி கண்ணைத் துடைக்கப் போனான். துடைத்தால் அவள் சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயந்து, இன்னும் கொஞ்ச நேரம் அழுதான்.

நீதி: ஊரைச் சிரிக்க வைக்க ஆசைப்படுகிறவர்கள் மனம் தளராமல் சோகமாகவே எழுதுங்கள், சிரிக்கிறவர்கள் வேறு நாட்டில் இருக்கிறார்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் அழுதால் போதும்.