பொன்மாலை இலக்கு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் எங்கள் தராசுக் கம்பெனி 'பொன்மாலை இலக்கு'த் திட்டத்தைக் கண்டுபிடித்தது. நடுவில் குறிப்பிடும்படியாக வேறு எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தைந்தைத் தொட்ட ஊழியர்கள் ஓய்வுக்காலச் சேமிப்பில் 'உரிய இலக்கை' எட்டிவிட்டார்களா என்று அறிவதே திட்டத்தின் நோக்கம். இவ்வளவு அக்கறையை நிர்வாகம் அதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தில்தான் காட்டியிருக்கிறது: கழிவறையில் நாங்கள் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதில்.

வாழ்க்கைத் துணையோடு வரவேண்டும் என்று சுற்றறிக்கை. கிடங்கில் அட்டைப்பெட்டிகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். ஆலோசகர் வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கலாம். முதுமையைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச அந்த வயதில்தான் முடியும்.

"ஐம்பத்தஞ்சு வயசுல, உங்க ஒரு வருஷச் சம்பளத்தைப் போல ஏழு மடங்கு சேர்ந்திருக்கணும். யார்கிட்ட இருக்கு? கை தூக்குங்க."

ஒரே ஒரு கை எழுந்தது. ஃபிட்டருடையது. நாங்கள் பிரமித்துப்போய்த் திரும்பிப் பார்த்தோம்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் போடச் சொல்லுங்க சார்" என்றார் ஃபிட்டர்.

ஆலோசகர் அசரவில்லை. "தினமும் வெளியில ரெண்டு டீ குடிக்கிறீங்கல்ல? அதை மட்டும் இளவயசுலயே நிறுத்தியிருந்தா இன்னைக்கு நீங்க எங்கேயோ போயிருப்பீங்க."

என் மனைவி எழுந்து நின்றாள். "தம்பி, எங்க வீட்டுப் பூனை பொறந்ததுலேர்ந்து வெளியில ஒரு டீ குடிச்சதில்ல. அதுகிட்ட எவ்வளவு சேர்ந்திருக்கும்?"

"மேடம், பூனைக்கு வருமானம் கிடையாதே."

"அப்போ கோளாறு டீயில இல்லையே, வருமானத்துலதானே?"

மேனேஜர் இருமினார். கேள்வி நேரம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அது தொடங்கியதாக யாரும் அறிவித்திருக்கவில்லை.

அடுத்த வாரம் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். என் உத்தியோகம், தயாரான தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது. ஒரு கிராம் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அதே கண்டிப்புடன் சம்பளத்தையும் சேமிப்பையும் பதிந்தேன். கடைசிக் கட்டத்தில், எத்தனை வயது வரை உயிரோடு இருப்பதாக உத்தேசம் என்று கேட்டிருந்தது. எண்பத்தைந்து என்றேன். திரை முழுக்கச் சிவந்துவிட்டது.

"இடிக்குதே சார்" என்றார் ஆலோசகர், துக்கம் விசாரிக்கும் குரலில். "ரெண்டு வழி இருக்கு. மாசாமாசம் இன்னும் கொஞ்சம் கூடப் போடலாம்."

"எவ்வளவு?"

சொன்னார். என் சம்பளத்தைவிடச் சற்றுத்தான் அதிகம்.

"இன்னொரு வழி?"

"கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் மாத்திப் பாருங்களேன்."

எண்பது போட்டேன். சிவப்பு. எழுபது, அதே சிவப்பு. அறுபத்தைந்தில் லேசாக வெளுத்தது. அறுபத்திரண்டு போட்டதும் திரை பச்சைப் பசேல் என்று மாறி, மூலையிலிருந்து பலூன்கள் பறந்தன. 'வாழ்த்துகள்! உங்கள் எதிர்காலம் பாதுகாப்பாக இருக்கிறது!' ஆலோசகர் எழுந்து நின்று கைகுலுக்கினார். வேலை ஓய்வு அறுபதில். ஆக, இரண்டு வருடம் ராஜா மாதிரி இருக்கலாம்.

விஷயம் பரவியது. ஃபிட்டர் அறுபது போட்டு 'மிகச் சிறப்பு' வாங்கினார். பெயிண்டர் எதையும் அளவுக்கு மீறிச் செய்கிறவர். ஐம்பத்தொன்பது போட்டு, மிச்சப் பணத்தில் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கும் தகுதி பெற்றுவிட்டார்.

மாதம் முடிவதற்குள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. 'ஊழியர்கள் பெரும்பாலோர் தம் இலக்கை எட்டிவிட்டதாலும், தமது ஆயுளைத் தாமே மனமுவந்து சுருக்கிக்கொண்டிருப்பதாலும், ஓய்வு நிதிக்கு நிர்வாகம் செலுத்தும் பங்கு பாதியாகக் குறைக்கப்படுகிறது.' கீழே, 'ஒத்துழைப்புக்கு நன்றி.'

வீட்டில் மனைவி என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பச்சை வந்துச்சுன்னு சிரிச்சுக்கிட்டே வந்தீங்களே, எத்தனை வயசு போட்டீங்க?"

சொன்னேன். ஊசி நின்றது.

"அறுபத்திரண்டா? அதுக்கப்புறம் நான் யாரோட சண்டை போடுறது?"

"சும்மா கட்டத்துக்குப் போட்டதும்மா."

"தராசுல ஒரு கிராம் குறைஞ்சா திருப்பி அனுப்புற மனுஷன். இங்கே இத்தனை வருஷம் குறையுது, முத்திரை வச்சிட்டு வந்திருக்கீங்க." பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "நாளைக்குப் போய்த் தொண்ணூறுன்னு போடுங்க. சிவப்பு வந்தா வரட்டும். நான் சிவப்போடயே குடும்பம் நடத்திக்கிறேன்."

கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் இவ்வளவு ஆசையாகப் பேசியதில்லை. குரல் மட்டும் வழக்கம்போல அதட்டலாகத்தான் இருந்தது.

மறுநாள் தொண்ணூறு போட்டேன். கம்ப்யூட்டர் சிவந்ததோடு நிற்காமல் கூவவும் செய்தது. சத்தம் கேட்டு ஃபிட்டர் வந்தார், அவர் தொண்ணூற்றைந்து. பெயிண்டர் நூற்றுப்பத்து.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னங்க இது? முன்னாடி ஒழுங்கா அறுபத்திரண்டுல இருந்தீங்க. திடீர்னு தொண்ணூறுங்கிறீங்க. உடம்புக்கு ஏதாவது?"

"உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்போ கவலைப்பட வேண்டிய விஷயம்தான்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இவ்வளவு நாள் இருந்தே தீரணும்னு ஏன் அடம்பிடிக்கிறீங்க?"

"வீட்ல சொல்லிட்டாங்க சார். நீங்களும் அந்தப் பங்கைப் பழையபடி போட்டுட்டா…"

"அது முடிவாயிடுச்சு. போர்டு எடுத்த முடிவை யாராலயும் மாத்த முடியாது. ஆயுசுன்னா நீங்க எப்ப வேணா மாத்திக்கலாம்."

"நீங்க எத்தனை போட்டீங்க சார்?"

"எங்க திட்டமே வேற. அதுல அந்தக் கட்டமே கிடையாது. இருக்கிற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும்."

பங்கு குறைந்தது குறைந்ததுதான். நாங்கள் மூவரும் வயதை இறக்கவில்லை. மாதம் ஒருமுறை 'இலக்கு தவறியோர்' என்ற தலைப்பில் எங்களுக்கு மறுபயிற்சி நடக்கிறது. அதற்கான கட்டணத்தை நிர்வாகம் எங்களுக்குச் சிரமம் வைக்காமல் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறது.

அன்றைக்கு மேனேஜர் என் தோளில் கைபோட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கம்பெனி உங்க மேல உயிரையே வச்சிருக்கு."

உண்மைதான், வைத்திருக்கிறது. அது எங்களுடைய உயிர். திருப்பிக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.