கிழியாத மணல் மூட்டைகள்

இந்த வருஷக் கண்காட்சியில் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு வரப்போகிற என் அக்கா மகளுக்கு, உன் தாய்மாமனும் இந்தத் தெருவிலேயே பேர்போன தையல்காரனுமாகிய நான் எழுதும் மடல். இங்கே நானும் உன் அத்தையும் தையல் மிஷினும் சுகம். அங்கே நீயும், கண்காட்சிக்கு நீ கட்டுகிற மாதிரிப் பதுங்குகுழியும், அதற்குள் நிற்கிற ஒரு அடி உயரச் சிப்பாய்களும் சுகம்தானே?

போன வருஷம் அந்த நடுவர் உன் மணல் மூட்டைகளை அமுக்கிப் பார்த்து, "என்னம்மா, தலகாணி அடுக்கி வெச்சிருக்கே, எல்லாரும் தூங்கவா வந்திருக்காங்க?" என்று கேட்டதை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. இந்தத் தடவை பரிசு வந்தால்தான் மியூசியத்தில் உனக்கு வேலை என்பதும் தெரியும். அதனால்தான் மூட்டை, கம்பளி, இடுப்புவார் எல்லாம் என் பொறுப்பு என்று மார்தட்டினேன். ராணுவத்துக்குத் தைப்பது எனக்குப் புதிதா என்ன, ஒரு ஜெனரலுக்கே கால்சட்டை தைத்தவன் நான். அவர் பாங்கு வாசலில் நிற்கிற காவலாளி என்று உன் அத்தை சொல்வாள். தொப்பி, துப்பாக்கி, மீசை மூன்றும் இருந்த பிறகு ஜெனரலுக்கு வேறென்ன வேண்டும்?

துணிக்கடையில் போய், "ஒரு சிப்பாய்க்குக் கம்பளி வேணும், ஒரு சாண் அகலம் போதும்" என்றேன். "சிப்பாய் இன்னும் பொறக்கலையா அண்ணே?" என்றார் கடைக்காரர். இடுப்புவாருக்குக் கொக்கி தேடி கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவரிடம் போனேன், அறுந்த பட்டைகளை டப்பாவோடு கவிழ்த்தார், அதில் கழற்றின கொக்கி, அளவு பார்க்க நீ அனுப்பிவைத்த சிப்பாயின் இடுப்புக்கு அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. சாக்குத் துணியோ அவன் பக்கத்தில் மீன்வலையாகத் தெரிந்தது, என் கைக்குட்டைகளை டீத்தண்ணியில் ஊறவைத்து நிறம் ஏற்றித் தைத்தேன், உள்ளே மணல் போட்டால் தையல் வழியாக ஒழுகி சோபா முழுக்க மணல், உன் அத்தை உட்கார்ந்து எழுந்து பார்த்த பார்வையை எழுத நான் படித்த படிப்பு போதாது. மரத்தூள் போட்டேன், மூட்டை உப்பிக்கொண்டு விறைப்பாக நின்றது. கடைசியில் அடுக்களையில் அரிசி நொய் டப்பா கண்ணில் பட்டது. நொய் போட்ட மூட்டை தொப்பை தள்ளி, பக்கத்து மூட்டைமேல் சாய்ந்து, அசல் மூட்டையாகவே உட்கார்ந்துவிட்டது.

"ஒரு பொம்மைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்றாள் அத்தை.

"பொம்மை இல்லடி, சிப்பாய்."

"அப்போ சம்பளம் வருமில்ல, நொய்க்குக் காசு குடுக்கச் சொல்லுங்க."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று போனில், "மாமா, எல்லாத்தையும் அங்கங்க கிழிச்சு, ஓட்டை போட்டு அனுப்புங்க, புதுசா இருந்தா சண்டை நடந்த இடம்னு நடுவர் நம்பமாட்டார்" என்றாய். நல்லா கேட்டுக்கோம்மா, அது மட்டும் நடக்காது. என் கையால் தைத்ததை என் கையால் கிழிக்க மாட்டேன். என் மூட்டைமேல் குண்டு விழுந்தால் குண்டுதான் நசுங்கும், தையல் பிரியாது. இதையே ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வை. நடுவர் ஏதாவது பேசினால் என் நம்பரைக் கொடு, அவருக்கு நான் பாடம் எடுக்கிறேன். ஒரு நூல் பிசிறுகூட இல்லாமல் காலையில் பார்சல் கிளம்பும். இது உன் மாமன் வாக்கு.

உன் கையில் கோப்பையும் சட்டைப்பையில் வேலை உத்தரவும் சேர்ந்து வந்து விழ, ஊசிமுனையில் நின்று உன்னை ஆசீர்வதிக்கும்,
உன் மாமா.

பி.கு.: காலையில் ஒட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தால், ராத்திரி எலி புகுந்து விளையாடியிருக்கிறது. மூட்டைகளெல்லாம் மூலைக்கு மூலை பிய்ந்து, கம்பளியில் ஓட்டை, வாரில் பல்தடம். உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளப் போனவன், சிப்பாயை நடுவில் நிறுத்திப் பார்த்தேன். நிஜமாகவே சண்டை நடந்துவிட்டதம்மா. மிச்ச நொய்யைக் கொட்டிவிட்டு, பசையில் குழைத்த மணல் போட்டு அப்படியே அனுப்புகிறேன், அட்டை எதுவும் வைக்காதே. இரண்டு மூட்டையை மட்டும் எலி தொடவில்லை, அவை தனியாகப் பளிச்சென்று தெரிந்ததால் நானே கடித்துவிட்டேன், நூல் கடித்துப் பழகின பல்தானே. எது எலி கடித்தது, எது நான் கடித்தது என்று நடுவர் சரியாகச் சொல்லிவிட்டால், பரிசை அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்.