நகலில் இறந்தவர்

எவ்வளவு முயன்றும் நகலார் சாகவில்லை.

இடது திரையில் செத்துவிட்டார். வலது திரையில் இன்னும் உயிரோடு இருந்தார். இடது திரை தலைமை அலுவலகத்தின் சர்வர். வலது திரை, ஊரின் மறுகோடியில் கிளை அலுவலகத்தில் இருக்கும் நகல் சர்வர். இங்கே ஒரு வாடிக்கையாளரின் விவரம் மாறினால் அடுத்த நொடியே அங்கேயும் மாற வேண்டும். அந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்கு அதுதான் வேலை என்பதால் எல்லோருக்கும் அவர் நகலார்.

"யாரு சார் செத்தது?" என்று எட்டிப் பார்த்தார் பக்கத்து மேசை க்ளெய்ம் மேடம். இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கும் பிரிவு அவருடையது. இந்த மாதிரிச் செய்தி என்றால் காது தானாகவே நீளும்.

"நான்தான் மேடம். டெஸ்ட் பண்றேன். என் பாலிசியையே எடுத்து 'இறந்துவிட்டார்'னு மாத்தினேன். நகலுக்குப் போக மாட்டேங்குது."

"அதுக்கு ஏன் சார் சாகணும்? அட்ரஸை மாத்திப் பாக்கலாமே?"

"அட்ரஸை மாத்தினா கஸ்டமருக்கு மெசேஜ் போயிடும். போன் நம்பரை மாத்தினாலும் போயிடும். செத்தவனுக்கு மட்டும்தான் ஒண்ணும் போகாது." இந்தக் கண்டுபிடிப்பில் நகலாருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"செத்தவருக்குப் போகாது சார். வாரிசுக்குப் போகும். போன வாரத்துலேர்ந்து அந்த நகல் சர்வர்தானே அனுப்புது? தினமும் அஞ்சு மணிக்கு. நீங்கதானே செட் பண்ணிக் கொடுத்தீங்க?"

நகலார் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார்.

பஸ் கொஞ்சம் தாமதமானாலே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போட்டு விசாரிக்கிற மனைவி. இப்போது வீட்டில் தனியாக இருக்கிறாள். 'உங்கள் கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று கம்பெனியே அனுப்பினால் என்ன ஆவாள்? போதாக்குறைக்குக் காலையில் சண்டை வேறு. பதவி உயர்வு கிடைத்ததை அக்காவிடம் போனில் சொல்லிவிட்டு வீட்டில் சொல்ல மறந்துவிட்டார். அக்கா இனிப்போடு வந்து நின்றபோது, "எதுக்கு அண்ணி ஸ்வீட்டு?" என்று அவள் கேட்க வேண்டியதாகிவிட்டது.

"உங்களைப் பத்தி எதுவா இருந்தாலும் எனக்குக் கடைசியாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவள்தான்.

நகலார் போன் செய்தார். கட் செய்தாள். மறுபடி செய்தார். மறுபடியும் கட். 'நான் சாகவில்லை' என்று தட்டிப் பார்த்தார். படிக்கவே விபரீதமாக இருந்தது. அழித்துவிட்டு, 'எது வந்தாலும் நம்பாதே' என்று அனுப்பினார்.

பிறகு இடது திரையில் தன்னை அவசரமாக உயிர்ப்பித்தார்.

"அவ்வளவுதானே? முடிஞ்சுது" என்றார் மேடம்.

"முடியல மேடம். மாற்றமெல்லாம் வரிசையாத்தான் போகும். முதல்ல என் சாவு போகும். அதுக்குப் பின்னாடிதான் உயிர் போகும். வரிசையே நகரல. காலையில எல்லா கஸ்டமரோட பிரீமியத்தையும் மொத்தமா மாத்தினாங்க இல்ல? அது முன்னாடி அடைச்சுக்கிட்டு நிக்குது."

"சாவு அஞ்சுக்குள்ள போய், உயிர் அஞ்சுக்கு மேல போனா?"

"வாயைக் கழுவுங்க மேடம்."

மெசேஜ் அனுப்புவதையே நிறுத்தலாம். அதற்கு மேனேஜரிடம் காரணம் சொல்ல வேண்டும். உண்மையான வாடிக்கையாளர் விவரத்தில் விளையாடினேன் என்று சொல்கிற தைரியம் நகலாருக்கு இல்லை. ஒரே வரிசையாகப் போனதை ஏழெட்டு வரிசையாகப் பிரித்தார். முன்பின் பார்க்க வேண்டாம், எது தயாரோ அது ஓடட்டும் என்றும் தட்டிவிட்டார். வேகம் பிய்த்துக்கொண்டு போனது.

அந்த வேகத்தில் உயிர் முதலில் போய்ச் சேர்ந்தது. ஏற்கெனவே உயிரோடு இருந்தவரை உயிர்ப்பித்துவிட்டு ஓய்ந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு வரிசையில் ஆற அமரச் சாவு வந்தது.

"சார், இப்ப நிஜமாவே போயிட்டீங்க" என்று வலது திரையைக் காட்டினார் மேடம்.

மூலத்திலோ, அதாவது இடது திரையில், அவர் உயிரோடு இருந்தார். உயிரோடு இருப்பவரை மறுபடி உயிர்ப்பித்தால் அது மாற்றமே இல்லை. மாறாத எதையும் அனுப்பி லைனை அடைக்கக் கூடாது என்று போன வாரம்தான் அவரே ஏற்பாடு செய்து, மேனேஜரிடம் சபாஷ் வாங்கியிருந்தார்.

மணி ஐந்தை நெருங்கியது. நேராக நகலுக்குள் புகுந்து, அங்கேயே கையால் தன்னை உயிர்ப்பித்தார். நகலில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஆபீசுக்கே பாடம் எடுத்தவர் அவர். இப்படி ஒரு மாற்றம் மூலத்தில் நடக்கவே இல்லையே என்று நகல் மிரண்டது. அத்தனை வரிசைகளையும் நிறுத்திவிட்டது. சுவரிலிருந்த பெரிய திரை சிவப்பானது.

மேனேஜர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார். "என்னய்யா சிவப்பு?"

"சின்ன விஷயம் சார்."

"கிளை முழுக்க நிக்குது, சின்ன விஷயமா? கடைசியா எங்க சரியா இருந்துதோ அங்கேர்ந்து மறுபடி ஓட விடு."

"சார், அஞ்சு மணிக்கு மேல பண்ணட்டுமா? ஒரு பத்து நிமிஷம்..."

"இப்பவே. நான் இங்கயே நிக்கிறேன்."

பிடரியில் மேனேஜரின் மூச்சுக் காற்று பட்டது. பதற்றத்தில், பிரித்த வரிசைகளை மறுபடி ஒன்றாக்க நகலார் மறந்துபோனார். ஓட விட்டார். அவர் கையால் திருத்தியது அழிந்தது. உயிர் முதலில் ஓடியது, சாவு பின்னால் வந்தது. சுவர்த்திரை பச்சையானது. மணி ஐந்து அடித்தது. திரையின் மூலையில், 'வாரிசுக்குச் செய்தி அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி வந்து நின்றது.

"பாத்தியா, என்ன வேகம்!" என்று மேனேஜர் முதுகில் தட்டினார்.

நகலார் பையைக்கூட எடுக்காமல் ஓடினார். வழியெல்லாம் போன் செய்தார். இப்போது அவள் கட் செய்யவில்லை. எடுக்கவும் இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றபோது அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. காலையில் ஒரு வார்த்தை சமாதானமாகப் பேசிவிட்டு வந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வீட்டு வாசல் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

"அம்மாடி!" என்று கத்திக்கொண்டு நுழைந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"

"போன் எங்கே?"

"உள்ளே சார்ஜ்ல. அது என்ன, எது வந்தாலும் நம்பாதேன்னு? எதை நம்பக் கூடாது?"

நகலார் ஓடிப்போய் அவள் போனைப் புரட்டினார். தவறிய அழைப்புகள் எல்லாம் அவருடையவை. அனுதாபச் செய்தி எதுவும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக நடந்ததையெல்லாம் கொட்டினார்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியாலேயே அவர் முகத்தைத் துடைத்தாள். "இதுக்காகவா இப்படி ஓடி வந்தீங்க? பைத்தியம். அந்த மெசேஜ் வந்திருந்தா நான் இங்கேயே விழுந்திருப்பேன்."

"இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல உனக்குத்தான். சத்தியமா."

காலையிலிருந்து முதல் தடவையாக அவள் சிரித்தாள். நகலாருக்குப் போன உயிர் முழுதாகத் திரும்பியது.

அப்போது மாடிப்படியில் ஓர் ஓலம் கேட்டது. ஒரு காலில் மட்டும் செருப்போடு அக்கா உள்ளே விழுந்தடித்து வந்தாள். தம்பியைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதே கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"பாவி! பாதி உசுரு போயிடுச்சுடா எனக்கு! இதென்னடா மெசேஜு?"

மனைவி அக்காவின் கையிலிருந்த போனை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"உங்களுக்கு எப்படி அண்ணி வந்துச்சு?"

"தனிக்கட்டையா இருந்தப்போ வாரிசுன்னு என் பேரைப் போட்டான். இன்னும் மாத்தலையாடா நீ?"

மனைவி போனை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தாள். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆக, நீங்க செத்தாலும் எனக்குக் கடைசியாத்தான் தெரியும்."