தங்கள் வண்டி சிந்திய மூன்று நிறங்கள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தாங்கள் நலமாகவே இருப்பீர்கள். தங்கள் பழைய வண்டிதான் இப்போது என்னிடம் இருக்கிறதே.

“ஒரு சொட்டு ஒழுகாது மாப்பிள்ளை, கண்ண மூடிட்டு ஓட்டுங்க” என்று சாவியைக் கொடுத்தீர்கள். சனிக்கிழமை என் மகளையும் பிறந்த பேரனையும் அதில்தான் மருத்துவமனையிலிருந்து அழைத்துவர வேண்டும். எனவே கண்ணைத் திறந்தே பார்த்தேன். ஒழுகலைக் கண்டுபிடிக்கத் தாங்களே முன்பு சொன்ன முறைதான்: குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையைச் சாயங்காலம் வண்டிக்கு அடியில் விரிப்பது, காலையில் உருவிப் பார்ப்பது, பகலில் மாடிப்படிக்குக் கீழே வைப்பது. திங்கள் காலை அட்டையில் பழுப்புச் சொட்டுகள். என்ஜின் ஆயில் என்று நினைத்து, அடியில் படுத்துக் கைக்கு எட்டிய திருகுகளையெல்லாம் இறுக்கினேன். செவ்வாயன்று பழுப்புக்குப் பக்கத்தில் பச்சை. ரேடியேட்டர் தண்ணீர் என்று நினைத்து, குழாய்களை இழுத்துப் பார்த்தேன். மாடியில் பேரனுக்காகப் பழைய தொட்டிலைப் புதுப்பித்துக்கொண்டிருந்த தங்கள் தங்கை, “எங்க அண்ணன் வண்டியில குத்தம் கண்டுபிடிக்கலேன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே!” என்றாள். இன்று சிவப்பு. மெக்கானிக்கை அழைத்தேன். எல்லாவற்றையும் திறந்து பார்த்தார், எண்ணெயோ தண்ணீரோ ஒன்றும் குறையவில்லை. அட்டையைத் தடவினார். “என்ன சார், கையிலயே ஒட்டல? சிவப்புன்னா பவர் ஸ்டீயரிங் ஆயிலு. இந்த வண்டிக்கு அதெல்லாம் கிடையவே கிடையாதே!” இல்லாத எண்ணெயையும் ஒழுகவிடும் வண்டியைத் தேடிப் பிடித்து என் தலையில் கட்டிய தங்கள் பெருந்தன்மையை என்னவென்று மெச்சுவது! அவர் போனதும், எதற்கும் இருக்கட்டும் என்று திருகுகளை இன்னொரு சுற்று முறுக்கிவைத்தேன்.

ஆகவே வண்டியை எடுத்துக்கொள்ள யாரையாவது அனுப்பவும். தாங்கள் என் வாசற்படி ஏற வேண்டாம். பேரனின் புகைப்படம் தபாலில் வரும். ஆதாரமாக அட்டையை மடித்து இத்துடன் வைத்துள்ளேன்.

தங்கள் வீட்டில் தங்களைத் தவிர அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அட்டையை மடிக்கும்போது தங்கள் தங்கை வந்து, “என்னங்க, அத ஏன் மடிக்கிறீங்க? தொட்டிலுக்கு மஞ்சள் பெயிண்ட் ஒண்ணுதான் பாக்கி” என்றாள். மூன்று நாளாகப் பகலில் தொட்டிலுக்கு அடியில் விரித்தது அதைத்தானாம். காலையில் உற்றுப் பார்த்த நான் சாயங்காலம் விரிக்கும்போது பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் முன் வண்டியை ஒருமுறை பார்க்கப் போனேன். நான் முறுக்கிய திருகில் ஒன்று உடைந்து, வாசல் முழுக்கப் பழுப்பு. இது கையில் நன்றாகவே ஒட்டுகிறது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தங்கள் புது வண்டியோடு வந்துவிடவும். வாசற்படியைத் தாராளமாக ஏறலாம், வழுக்கும், பார்த்து.