ஷூ போட்ட சாமி

மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் சாமான் விற்க நினைத்தவனை என்னவென்று சொல்வது? என் மனைவி பார்வதி அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறாள். அச்சில் போட முடியாது.

தூத்துக்குடியில் உயரமான இடம் என்றால் உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்புதான். அது தெரிந்தும், சைக்கிள் கடை வைத்திருக்கும் நான் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு ஏஜென்சி கேட்டு எழுதினேன். அவர்கள் ஒரு பெட்டி அனுப்பினார்கள். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் ஷூ, அதற்கேற்ற பெடல், முட்டிக்கும் முழங்கைக்கும் காப்பு, நெஞ்சுக் கவசம், கையுறை, தாடை வரை மூடும் ஹெல்மெட். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கரடுமுரடான இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலையில் மேனேஜர் வீடியோ காலில் வருவார். ஓட்டிய இடத்திலிருந்தே கருத்துச் சொல்ல வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால் ஏஜென்சி எனக்கு.

பெட்டியைப் பிரிக்கும் முன்பே புதுப் பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டாயிற்று. (மச்சான் மட்டும், "அத்தான், மலைய எங்கருந்து கொண்டு வருவீய?" என்று கேட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.)

சோதனை வீட்டிலேயே தொடங்கியது. முட்டிக் காப்பைக் கட்டிக்கொண்டு, "ஏளா, அம்மிக் குழவியால மெதுவா ஒரு போடு போடு" என்றேன். பார்வதி ஓடிப்போய்க் குழவியை எடுத்து வந்த வேகத்தைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். காப்புக் கட்டாத முட்டியில் போட்டாள்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?" என்றாள்.

முறையான ஆராய்ச்சிதான். முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

கரடுமுரடுக்குத் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டைத் தேர்ந்தெடுத்தேன். செம்மணல் மேடுமேடாகக் கிடக்கும் இடம். தெரிந்தவர் ஒருவர் தன் சரக்கு வண்டியில் சைக்கிளையும் என்னையும் கொண்டுபோய் இறக்கினார். நான் கவசமெல்லாம் மாட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றவர், "சைக்கிள் ஓட்டப் போற ஆளு மாதிரி இல்ல அண்ணாச்சி. வெடிகுண்டு எடுக்கப் போற ஆளு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு உடன்குடிக்குப் போய்விட்டார்.

தேரியில் சக்கரம் புதைந்தது. மிதித்த தூரம் கொஞ்சம், தள்ளிய தூரம்தான் அதிகம். ஷூவுக்குள் மணல், ஹெல்மெட்டுக்குள் வியர்வை. முட்டிக் காப்பு நழுவி நழுவிக் கணுக்காலுக்கு வந்தது. போதுமடா சாமி என்று தார்ச்சாலைக்கு வந்து, காப்பை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். அந்த ஷூவின் அடியில் ஓர் இரும்புத் துண்டு உண்டு. பெடலில் வைத்து அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும், கால் நழுவாது. டக், டக். இரண்டு காலும் மாட்டின. பறந்தேன். (எடுப்பதற்குக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும் என்று பெட்டியில் இருந்த காகிதத்தில் போட்டிருந்தது. விற்கிறவன் அதையெல்லாம் வாசிப்பானா?)

ஒரு பஸ் நிறுத்தத்தில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். சைக்கிள் நின்றது. கால் வரவில்லை. இழுத்தேன், உதறினேன், வரவில்லை. சாயப் போன நொடியில் நிழற்குடைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அது தசரா நேரம். குலசை அம்மனுக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர்கள் காளியாக, குரங்காக, போலீசாக வேஷம் கட்டி, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கம் எவன் எதை மாட்டிக்கொண்டு நின்றாலும் அவன் சாமிதான்.

எதிர் டீக்கடையிலிருந்து இருவர் கிளாசோடு வந்தார்கள்.

"இது என்ன வேஷம்லே?"

"போன வருஷம் ஒருத்தன் ரோபோவா வந்தாம்லா, அவனுக்குத் தம்பியா இருக்கும்."

"எல்லாம் கனகச்சிதமா இருக்கு. வயிறு மட்டும் சொந்த வயிறு."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தியிருந்தால் கேட்டிருக்கும். "அண்ணாச்சி, கால் மாட்டிக்கிட்டு, எடுத்து விடுங்க" என்ற ஒரு வரிதான். ஆனால் சைக்கிள் கடைக்காரன் சைக்கிளில் மாட்டிக்கொண்டான் என்பதை எந்த வாயால் சொல்வது? முட்டாளாக நிற்பதைவிடச் சாமியாக நிற்பது மரியாதை என்று பட்டது. மௌன விரதம் போலத் தலையை மட்டும் ஆட்டினேன். ஒருவர் பயபக்தியோடு என் நெஞ்சுக் கவசத்தின் இடுக்கில் பத்து ரூபாயைச் செருகினார். இன்னொருவர் டீக்கடைச் சாமி படத்திலிருந்து குங்குமம் எடுத்து வந்து ஹெல்மெட் நெற்றியில் வைத்தார். அதைப் பார்த்து வந்த நாலைந்து பேரும் ஆளுக்கொரு நோட்டைச் செருகினார்கள்.

அப்போதுதான் பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மா, கையில் மாவுக்கட்டுப் போட்ட மகளோடு என் அருகே வந்தார்.

"அம்மா, சாமி ஏன் ஷூ போட்டிருக்கு?" என்றது பிள்ளை.

"சாமிய அப்படிக் கேக்கப்பிடாது" என்று அதட்டிவிட்டு, அந்த அம்மா என் முன் கைகூப்பினார். "சைக்கிள்லருந்து விழுந்துட்டா சாமி. நல்லபடியாக் கை கூடணும். தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க."

இந்த இடத்தை எழுதும்போது இன்றைக்கும் காது சுடுகிறது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சாமி இல்லை தாயே என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒரு கையால் தூணைப் பிடித்தபடி, மற்றக் கையை, மலைச் சைக்கிள் கையுறையோடு, அந்தப் பிள்ளையின் தலையில் வைத்தேன்.

ஹேண்டில் பாரில் மாட்டியிருந்த போன் அடித்தது.

"சாமிக்குப் போன் வருதுல்லா!" என்று டீக்கடைக்காரர் ஓடிவந்து எனக்கு உதவியாக அழுத்திவிட்டார். திரையில் கோயம்புத்தூர் மேனேஜர், பளிச்சென்று.

"வணக்கமுங்க! ஷூ எப்படி இருக்குதுங்க? மாட்டக் கழட்டச் சுலபமா இருக்குதுங்களா?"

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தார்கள். ஏஜென்சி, பெயர்ப்பலகை, மச்சான் முகம் எல்லாம் கண்முன் வந்தன. பதில் சொல்லத் தூணை விட்டுப் போனை எட்டினேன்.

"கழட்டத்தான் வரல சார்!" என்று கத்திக்கொண்டே, சைக்கிளோடு சாய்ந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை காப்பும் வேலை செய்தன. ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. நான் வாங்கிய காணிக்கை மட்டும் சாலையில் சிதறியது.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். இப்போது 'சாமி' போய்விட்டது.

"ஏலே, நீ மாலை போட்டிருக்கியா?"

"இல்லக்கா."

"பெறவு எம்பிள்ள தலையில எதுக்குல கை வச்ச?"

என்னைத் திட்டிக்கொண்டே அவரே ஷூவின் வாரைப் பிரித்துக் காலை உருவிவிட்டார். ஷூ இரண்டும் பெடலிலேயே நின்றன. கால் வரவில்லை என்றால் ஷூவைக் கழற்றலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மேனேஜர் எல்லாவற்றையும் வானத்தோடு சேர்த்துச் சாய்வாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க பொறுமையாச் சொல்லுங்க" என்று வைத்தவர்தான். ஏஜென்சி திருநெல்வேலிக்குப் போனது. சாமான்களைத் திருப்பிக் கேட்கவில்லை. குங்குமம் வைத்த ஹெல்மெட்டை எந்தக் கம்பெனி கேட்கும்?

வீட்டில் சொன்னதும் பார்வதி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அம்மன் பேரச் சொல்லாம அம்மன் காசு வாங்கிருக்கீய. பொறுக்கினதக் கொண்டு போய் உண்டியல்ல போடுங்க. அடுத்த வருஷம் ஒழுங்கா மாலை போட்டு, இதே வேஷத்துல போய் வாங்குங்க" என்றாள்.

போனேன். அதே ஹெல்மெட், அதே கவசம், அதே காப்பு. ஷூ மட்டும் கிடையாது. மாலை போட்டவன் வெறுங்காலோடுதானே நடக்க வேண்டும். அதே பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாவும் மகளும் நின்றார்கள். பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காலைப் பார்த்தது. பிறகு, கூடிவிட்ட கையால் ஒரு காசை எடுத்து என் காணிக்கைத் தட்டில் போட்டது.

வருஷம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது எந்தச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், வாசலில் செருப்பு விடும் இடத்தில் கூட்டம் எனக்காக ஒதுங்கி நிற்கும். உள்ளேயிருந்து மச்சான் குரல் கொடுப்பான்: "யாரும் அவசரப்படாதீய. மொதல்ல அத்தானுக்குக் கழட்ட வருதான்னு பாப்போம்."