முன்னுக்கும் பின்னுக்கும் சமாதானம்

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று நளினி கத்தியபோது புவனேசன் ஏற்கெனவே பிரேக்கின் மேல் ஏறித்தான் நின்றுகொண்டிருந்தான். கார்தான் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. நன்றாக யோசித்து முடித்து, முன்னால் இருந்த லோரிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"தீபாவளி வரைக்கும் நல்லாத்தானே நின்னுச்சு?" என்றாள் நளினி, மூச்சு வாங்க.

"வண்டிக்கு வயசாகுதுலா."

அவள் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். மடியில் கச்சான் கடலைப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான் புவனேசன். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவள் கச்சான் உரித்து அவன் வாயில் போடுவாள். சுங்கை பட்டாணி ஊரில் சிவப்பு விளக்குகள் போதவில்லை என்று வருத்தப்பட்ட ஒரே மனிதன் அவனாகத்தான் இருப்பான்.

செமிலிங்கில் வீட்டு வாசலில் இறங்கியதும் நளினி சொன்னாள். "அலோர் ஸ்டார்ல தம்பி புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறான்ல, அன்னிக்கு நான் அக்காகூட ஜெயகுமார் அத்தான் காடியில போயிடுறேன். நீங்க பின்னாடி வாங்க."

ஜெயகுமார் அவனுடைய சகலை. அவருடைய புதுக் கார் தானாகவே பிரேக் போடுமாம். அதைச் சொல்லும்போதெல்லாம் புவனேசனின் காரைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார்.

மறுநாளே புவனேசன் திகாம் பத்துவில் மெக்கானிக் பழனியாண்டியின் பட்டறையில் நின்றான்.

"பின்பக்கம் கொஞ்சம் உக்காந்த மாதிரி இருக்கே, தம்பி?"

"ஸ்பிரிங் பழசுண்ணே. வெளிய கேட்டா ஸ்டைல்னு சொல்லிக்கிறேன்."

"முன்னுக்குப் பெரிய பிரேக் டிஸ்க் போடுவோம். மிதிச்ச எடத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்."

நின்றது. கார் மட்டும் நின்றது. நளினியின் அம்மாவுக்குக் கொண்டுபோன சாம்பார் நிற்கவில்லை. இறங்கிப் போய்ச் சாவி போட்டுப் பின்பெட்டியைத் திறக்கச் சோம்பல்பட்டு, அந்த வீட்டில் எந்தச் சாமானையும் பின்சீட்டில்தான் வைப்பார்கள். சாம்பார் அங்கிருந்து கிளம்பி டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாருக்கு அபிஷேகமானது. ஒரு முருங்கைக்காய்த் துண்டு அவர் முகத்தில் இன்னொரு தும்பிக்கையாக ஒட்டிக்கொண்டது.

"இந்தக் காடியில இனிமே சாமியே உக்காராது," என்றாள் நளினி.

"முன்னுக்கு மட்டும் பலம் கூட்டினா அப்படித்தான்," என்றார் பழனியாண்டி. "பின்னுக்கும் போடணும்."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணே?"

"நீ கேக்கலையே!"

பின்னாலும் பெரிய டிஸ்க் ஏறியது. அன்று மழை. வீட்டுக்குப் பக்கத்துச் சந்தியில் பிரேக்கை மிதித்ததும் காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றபோது புவனேசன் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்ப் பெரியவர், "எதையாவது மறந்து வெச்சிட்டு வந்துட்டியா?" என்று மலாயில் அன்பாக விசாரித்தார்.

பஸ் ஸ்டாப்பில் மருதம்மாள் அக்கா நின்றுகொண்டிருந்ததுதான் பெரிய விபத்து. தீபாவளிக்குத் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, புது வீட்டுச் சாவிக்காகக் காத்துக்கொண்டு, அடுத்த வீட்டில் மகளோடு இருப்பவர். புவனேசன் வீடு வருவதற்குள் செய்தி வந்திருந்தது.

"ஒங்க வீட்டுக்காரரு காடி கரகாட்டம் ஆடுது, நளினி!"

நளினி அன்றே தன் அக்காவுக்குப் போன் போட்டு, ஜெயகுமார் அத்தான் காரில் தனக்கு ஓர் இடம் சொல்லி வைத்தாள்.

"இனி ரெண்டுக்கும் நடுவுல சமாதானம் பண்ணி வைக்கணும்," என்றார் பழனியாண்டி. பின்பிரேக்கை அடக்கிவைக்க ஒரு வால்வைப் பொருத்தினார். அதில் ஒரு திருகு. கொஞ்சம் இறுக்கினால் காரின் மூக்கு தரையைக் குத்தப் பார்த்தது. தளர்த்தினால் வால் ஆடியது. வேலை முடிந்து தினமும் பட்டறைக்கு ஓடினான் புவனேசன். பேக்டரியில் மேசைக்கு அடியில் கால் தானாக மிதித்துக்கொண்டிருந்தது. தூக்கத்தில் ஒருமுறை அவசரப் பிரேக் போட்டு நளினியைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டான். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். காரில் பக்கத்து சீட்டுக்குப் போராடப் போய், வீட்டில் இருந்த பக்கமும் போயிற்று.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சாயங்காலம், பழனியாண்டி திருகை ஒரு மயிரிழை திருப்பிவிட்டு நிமிர்ந்தார். கார் நேராக, பிசிறில்லாமல் நின்றது.

"இப்ப இருக்கிற எடைக்குத்தான் செட் பண்ணியிருக்கேன், தம்பி. முன்னால நீங்க ரெண்டு பேரு. பின்னால கனம் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. கொறஞ்சா மறுபடியும் கரகாட்டம்தான்."

"பின்னால என்ன இருக்கு, கொறையறதுக்கு?" என்று சிரித்தான் புவனேசன்.

ஞாயிறு காலை. பட்டுச்சேலையோடு நளினி ஜெயகுமாரின் கார்க் கதவில் கை வைத்திருந்தாள்.

"சந்தி வரைக்கும் மட்டும் வா, நளினி. பிடிக்கலன்னா அத்தான் காடியிலயே போ. இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அவன் குரலில் என்ன இருந்ததோ, அவள் வந்து ஏறினாள். கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

முதல் பிரேக். பிள்ளையார் அசையவில்லை. இன்னும் வேகமாகப் போய், இன்னும் அழுத்தி மிதித்தான். கார் நேர்கோட்டில் அடங்கி நின்றது. நளினியின் ஒரு கை கைப்பிடியை விட்டது. சந்தியில் சிவப்பு விளக்கு. இன்னொரு கையும் இறங்கியது. பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டது. புவனேசன் வாயைத் திறந்தான். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தும் அவன் மென்றுகொண்டே இருந்தான்.

வாசலுக்குத் திரும்பியதும் நளினி கண்ணாடியை இறக்கினாள். "அத்தான், நீங்க கெளம்புங்க. நான் இவரோட வர்றேன்."

ஜெயகுமாரின் கார் தெருமுனையில் மறைந்தது. புவனேசன் இஞ்சினை மறுபடி முடுக்கப் போனபோது, தள்ளுவண்டியும் இரண்டு பேரன்களுமாக மருதம்மாள் அக்கா ஓடிவந்து காரை மறித்தார்.

"புது வீட்டுச் சாவி கெடச்சிருச்சு, தம்பி!"

"ரொம்ப சந்தோஷம்க்கா!"

"அந்தப் பின்மூடியக் கொஞ்சம் தொறந்து விடு. தீபாவளிக்கு ரெண்டே நாளைக்குன்னு நளினிகிட்ட சொல்லி உள்ள வெச்ச என் ஆட்டுக்கல்லும் அம்மியும் இன்னும் ஒன் காடியிலதானே கெடக்கு!"